முட்டைப் பிரிவில் ஒருவர்

வெளியுறவு அமைச்சகத்தில் நிலைப்பாட்டு ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உலகப் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தால் எந்த நாடு எப்படி வாக்களிக்கும், போன தடவை எப்படி வாக்களித்தது, அதற்கு முந்தைய தடவை ஏன் அப்படிச் செய்தது என்றெல்லாம் தோண்டித் துருவி எடுத்து, நாம் என்ன செய்யலாம் என்று மேலே சொல்லி அனுப்புவது அதன் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் வயிறு எரியும். அடுத்தவன் மனசில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாடி முழுக்க ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நம் மனசில் என்ன இருக்கிறது என்று யோசிக்க ஒரு முக்காலிகூடப் போடவில்லை.

அந்தப் பிரிவில் ஆதரவு வாக்குக்குக் கூட்டல் என்று பெயர். எதிர்ப்புக்குக் கழித்தல். எந்தப் பக்கமும் சேராமல் விலகி நின்றால் பட்டியலில் சுழியம் விழும். சுழியத்தை யார் சுழியம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், முட்டை என்றார்கள். நம் நாடு போட்டதெல்லாம் முட்டை. வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு முட்டைகள் குவிந்துபோய், அவற்றைப் பிரித்து ஆராய ஆள் பற்றவில்லை என்று ஆனபோது, பிரிவின் இயக்குநர் பணியாளர் துறைக்கு எழுதினார்: 'முட்டைகளை வகைப்படுத்தி ஆராய்வதில் நீண்ட அனுபவம் உள்ள அலுவலர் ஒருவர் உடனடியாகத் தேவை.'

பணியாளர் துறை சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிற துறை. கோழி வளர்ப்புத் துறையிலிருந்து ஒருவரை அனுப்பி வைத்தது.

வந்தவருக்கு வந்த அன்றைக்கே முட்டைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். பாவம், நல்ல மனிதர். தீவனம், முட்டை உற்பத்தி, குஞ்சு பொரிப்பு என்று நிம்மதியாக இருந்தவர். இது என்ன கூத்து என்று புரியாமல் இயக்குநரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் பார்த்தது நிஜ முட்டைங்க."

இயக்குநர் உயரமானவர், சாந்தமானவர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். பேசிய பிறகும் அதையே செய்வார். "தப்பு நடந்துச்சுன்னு நாம ஒத்துக்கிட்டா, அது ஒரு நிலைப்பாடு ஆயிடும்" என்றார். "நடக்கலைன்னு சொன்னா அதுவும் நிலைப்பாடு. நீங்க பேசாம உட்காருங்க."

முட்டைக்காரர் உட்கார்ந்தார். பாடம் ஆரம்பமானது.

"எல்லா முட்டையும் ஒண்ணு இல்ல, பாருங்க. அவையில தலை நிமிர்ந்து உட்கார்ந்துட்டு வாக்களிக்காம இருந்தா அது அவிச்ச முட்டை. கெட்டியா இருக்கும். வாக்களிக்காம இருந்துட்டு, ஏன் வாக்களிக்கலைன்னு விளக்க உரை ஒண்ணு படிச்சா அது அரைவேக்காடு. இந்தப் பக்கமும் கொஞ்சம் வழியும், அந்தப் பக்கமும் கொஞ்சம் வழியும். ரெண்டு பேரும் சந்தோஷப்படுவாங்க. அப்புறம், வாக்கெடுப்பு நடக்கற நேரம் பார்த்து எழுந்து காபி குடிக்கப் போயிட்டா..."

"கூமுட்டையா சார்?"

இயக்குநரின் முகம் மலர்ந்துபோயிற்று. "பார்த்தீங்களா, இதுக்குத்தான் அனுபவசாலி வேணும்னு கேட்டேன்."

"எங்க துறையில கூமுட்டையைக் குழி தோண்டிப் புதைச்சிடுவோம் சார்."

"இங்க அதைப் போட்டவருக்குப் பதவி உயர்வு குடுப்போம். உங்களுக்கு முன்னால நிக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

இப்படியாக முட்டைக்காரர் அந்தப் பிரிவில் ஐக்கியமானார். கொஞ்ச நாளில் வேலையும் பிடிபட்டுவிட்டது. அங்கே நாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் மரியாதைக் குறைவாம். பக்கத்து நாட்டை எதிர்வீடு என்பார்கள். நமக்கும் எதிர்வீட்டுக்கும் பகையா உறவா என்று யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு குழு உட்கார்ந்திருந்தது. ஆனால் எதிர்வீடு என்ன போடுகிறதோ அதைப் பார்த்துத்தான் நாமும் போடுவோம் என்பது மட்டும் மாறாத விதி. எதிர்வீடு எப்போதும் முட்டைதான் போடும். ஆகவே நாமும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மச்சினன் கப்பலில் மாட்டிக்கொள்கிற வரைக்கும்.

முட்டைக்காரருடைய மனைவியின் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் முதலாளி கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து கம்பி நீட்டிவிட்டார். காகிதமெல்லாம் அவரோடு போய்விட்டது. ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நகர்த்த எண்ணெய் இல்லை. இறங்க அனுமதி இல்லை. காகிதம் இல்லாதவன் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று துறைமுகம் சொல்லிவிட்டது. மாதங்கள் ஓடின. அரிசியும் வெங்காயமும் மிஞ்சியிருந்தன, குடிதண்ணீரைக் குவளையால் அளந்து கொடுத்தார்கள், மாலுமிகளில் இருவருக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை.

சிக்னல் கிடைக்கிறபோது மச்சினன் கூப்பிடுவான். குரலில் எப்போதும் போல விளையாட்டு இருக்கும், அதுதான் கேட்கிறவர்களுக்குத் தாங்காது.

"மாமா, கரையில ஒருத்தன் தினமும் சைக்கிள்ல போறான். இன்னைக்கு டயர் பஞ்சராகி உருட்டிட்டுப் போனான். குடுத்து வெச்சவன் மாமா, தரையில உருட்டறான்."

பேசி முடித்ததும் மனைவி முற்றத்தில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். மாமியார் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பேரவையில் ஒரு தீர்மானம் வரப்போவதாகப் பேப்பரில் வந்தது. கைவிடப்பட்ட கப்பல்களில் இருப்பவர்களைப் பக்கத்தில் உள்ள துறைமுகம் காகிதம் கேட்காமல் கரையிறக்க வேண்டும் என்று தீர்மானம். மனைவி பேப்பரைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"இது உங்க ஆபீசுக்குத்தானே வரும்?"

"வரும்."

"அப்போ கையைத் தூக்கச் சொல்லுங்க."

மாமியாரும் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா மாப்பிள்ளை. எல்லாரும் கையைத் தூக்கினா புள்ளை இறங்கிடுவானாமே?"

நம் நாடு கையைத் தூக்கும் வழக்கமில்லை, முட்டை போடும் வழக்கம்தான் என்று முட்டைக்காரர் பொறுமையாக விளக்கினார். அவித்தது, அரைவேக்காடு, கூமுட்டை எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்குக் கோழியே தேவலை" என்றார். "போட்டதும் கொக்கரிக்கவாவது செய்யும்."

மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் தீர்மானம் மேசைக்கு வந்தது. ஒவ்வொருவரும் மற்ற நாடுகள் என்ன செய்யக்கூடும் என்று வாசித்தார்கள். முட்டைக்காரரின் முறை வந்தபோது அவர், "நாம ஆதரிக்கலாம் சார்" என்றார்.

ஒருவர் கையிலிருந்த பிஸ்கட் ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது.

துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவருக்கு 'இருப்பினும்' என்று பட்டப்பெயர். எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் அவர் முடித்ததில்லை. "நல்ல தீர்மானம்தான், இருப்பினும் ஆதரிக்கிறதுன்னா முன்னுதாரணம் வேணும். முன்னுதாரணம் இல்லைன்னு சொல்லல, இருப்பினும் இருக்கான்னு பார்க்கணும்."

பார்த்தார்கள். அலமாரி அலமாரியாகப் பார்த்தார்கள். நம் நாடு பேரவையில் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே ஒரு கூட்டல் அகப்பட்டது. ஏதோ ஒரு கூட்டத்தொடரின் கடைசி நாளில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி சொல்கிற தீர்மானம். அதற்கும் ஆதரவு கொடுத்த கையோடு ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தார்கள், நன்றி தெரிவிப்பதால் மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள் ஆகாது என்று.

"சரி சார், இது மனுஷ உயிர்" என்றார் முட்டைக்காரர். இவ்வளவு துணிச்சல் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். எழுந்து ஜன்னலோரம் போனார். அவர் எழுந்து பேசினால் குறிப்பெடுக்க வேண்டும் என்பது பிரிவின் வழக்கம், ஆகவே எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

"இதை உணர்ச்சிவசப்படாம பார்க்கணும். கப்பல்னு ஒரு தரப்பு இருக்கு. கரைன்னு ஒரு தரப்பு இருக்கு. கப்பலுக்குக் கரை வேணும், அது நியாயம். கரைக்குக் கப்பல் வேண்டாம், அதுவும் நியாயம். ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல சம தூரத்துல நிக்கறதுதான் நம்ம மரபு. இன்னும் சொல்லப்போனா, அந்தக் கப்பல் இப்போ எங்க நிக்குது? கரையிலயும் இல்ல, நடுக்கடல்லயும் இல்ல. நகரவும் முடியாது, இறங்கவும் முடியாது. நம்ம வெளியுறவுக் கொள்கையை இதைவிடத் தெளிவா யாரும் விளக்கினதில்ல. அந்தக் கப்பலை அங்கேயிருந்து நகர்த்தச் சொல்றது நம்மையே நகரச் சொல்றது மாதிரி."

கைதட்டல் எழுந்தது. 'இருப்பினும்'கூட அந்தச் சொல்லைச் சொல்லாமல் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு முட்டைக்காரர் இயக்குநரின் பின்னாலேயே போய் நடைவழியில் நிறுத்தினார். "சார், அந்தக் கப்பல்ல என் மச்சினன் இருக்கான்."

இயக்குநர் நின்றார். கண்ணாடியைக் கழற்றியவர் துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "அடடா" என்றார். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நிஜமா. ஆனா இதை நான் ஒரு மனுஷனா சொல்றேன், பிரிவா சொல்லல. குறிப்புல சேர்த்துடாதீங்க."

முட்டைக்காரர் இடத்துக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது தொலைபேசி அடித்தது.

எதிர்வீட்டுத் தூதரகத்தில் நம் பிரிவைக் கவனிப்பதற்கென்றே ஓர் அம்மா இருந்தார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்னால் கூப்பிடுவார். நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்பார். நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம் என்று நம் பக்கம் திருப்பிக் கேட்கும். இரண்டு பக்கமும் ஆய்வில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிடும். இதுதான் நடைமுறை. முட்டைக்காரருக்கு அன்றைக்கு நடைமுறையில் மனசு போகவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நீங்க எதை வெச்சுத்தான் முடிவு பண்றீங்க?"

"உங்களை வெச்சுத்தான்" என்றார் எதிர்வீட்டு அம்மா. "நீங்க முட்டை போடுவீங்க. நாங்களும் போட்டுடுவோம். ஏன், நீங்க?"

முட்டைக்காரருக்குப் பழைய துறை ஞாபகம் வந்தது. ஒரு கோழி உட்கார்ந்ததைப் பார்த்து இன்னொரு கோழி உட்காரும், அதைப் பார்த்து முதல் கோழி எழுந்திருக்காது. கோழிப் பண்ணையில் இதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதற்குச் சம்பளம் கொடுத்துப் பார்த்தது இங்கேதான்.

"அது போகட்டும்" என்றார் அந்த அம்மா. "இந்தக் கப்பல் விஷயத்துல உங்க பிரிவுல யாராவது ஆதரவா இருக்காங்களா?"

"பிரிவுல ஒருத்தர் ஆதரவு" என்றார் முட்டைக்காரர்.

"யாரு?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நடந்ததற்கு அவர் பொறுப்பும் இல்லை. அந்த அம்மா தன் மேலதிகாரிக்கு 'பிரிவில் ஒருவர் ஆதரவு' என்றுதான் எழுதினார். மேலதிகாரி ஒருவர் என்பது கௌரவமாக இல்லை என்று கருதி, 'ஒரு பிரிவினர் ஆதரவு' என்று திருத்தினார். அவருக்கு மேலே இருந்தவர் சுருக்கமாக எழுதுவதில் பெயர் வாங்கியவர், 'ஒரு பிரிவு ஆதரவு' என்றார். எதிர்வீட்டுத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தபோது அது 'ஆதரவு' என்று மட்டும் இருந்தது. அங்கே பீதி கிளம்பியது. நாமும் ஆதரிக்க வேண்டியிருக்குமோ என்று அவர்கள் ஒரு குழு போட்டார்கள். குழு போட்ட சேதி அங்கிருந்த நம் தூதர் காதுக்கு எட்டியது. அவர் நமக்கு எழுதினார்: 'எதிர்வீட்டில் ஒரு பிரிவினர் ஆதரவு.'

துணை இயக்குநர் 'இருப்பினும்' அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், எதிர்வீடு கூட்டல் போடப்போறாங்க."

இயக்குநர் வெளிறிப்போனார். "அவங்க கூட்டல் போட்டு நாம முட்டை போட்டா, இருக்கற மனிதாபிமானத்தை மொத்தமா அவங்களே அள்ளிட்டுப் போயிடுவாங்களே."

"அப்போ நாமளும் கூட்டலா சார்?" என்று முட்டைக்காரர் வாயைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க. அவங்க போட்ட பிறகு போடுவோம்."

பேரவையில் இருந்த நம் பிரதிநிதிக்கு உத்தரவு போயிற்று: எதிர்வீட்டுக்காரர் என்ன செய்கிறாரோ அதையே, அவர் செய்த உடனே, செய்யவும். எதிர்வீட்டுப் பிரதிநிதிக்கும் அவர்கள் ஊரிலிருந்து அட்சரம் மாறாமல் அதே உத்தரவு போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

வாக்கெடுப்பு அன்று பிரிவில் எல்லோரும் டி.வி. முன்னால் கூடிவிட்டார்கள். பேரவையில் இப்போதெல்லாம் கை தூக்குவதில்லை, பொத்தான்தான். ஆதரவு என்றால் பலகையில் பச்சை விளக்கு எரியும். தலைவர் மணி அடித்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. நம் பிரதிநிதி கழுத்தை வளைத்து எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் நம்மவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து நாடுகள் இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தன. மச்சினன் அன்று காலையில் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று முட்டைக்காரர் தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். இங்கே டி.வி. முன்னால் சின்ன மனுஷன் ஒருவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருப்பது அந்தப் பெரிய மண்டபத்தில் யாருக்குத் தெரியும்.

நேரம் முடியப்போகிறது என்று தலைவர் மறுபடியும் மணி அடித்தார்.

அந்த மணிச் சத்தத்தில் எதிர்வீட்டுப் பிரதிநிதிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். டம்ளருக்குப் பக்கத்தில்தான் பொத்தான். அவர் பொத்தானுக்குத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்து நம்மவர் பாய்ந்து தன்னுடையதை அழுத்தினார். பலகையில் நம் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. அதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டு பொத்தானைத் தட்டினார். இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்றால் விஷயம் நமக்குத் தெரியாத அளவுக்குப் பெரியது போலிருக்கிறது என்று அக்கம்பக்கத்து நாடுகள் அழுத்தின. அவர்களைப் பார்த்துத் தூரத்து நாடுகள் அழுத்தின. கடைசியில் பலகை முழுக்கப் பச்சையாகிப்போய், கப்பலை வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்தத் துறைமுகத்து நாடே தனியாக நிற்கப் பயந்து அழுத்திவிட்டது.

முட்டைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நாட்டின் மரபு போயிற்றே என்று அழுகிறார் என நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

உலகம் நம்மைப் பாராட்டியது. முதலில் துணிந்து முன்வந்த நாடு என்று தலையங்கம் எழுதினார்கள். பிரிவிலோ இழவு வீடு. ஒருத்தரும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. 'ஆதரவு எனப் பதிவானது, எதிர்க்கவில்லை என்பதன் அழுத்தமான வடிவமே' என்று ஒரு விளக்கத்தை 'இருப்பினும்' எழுதிக்கொண்டிருந்தார். விசாரணைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. எதிர்வீட்டு அம்மாவின் குறிப்பு எப்படியோ கைக்கு வந்து, 'பிரிவில் ஒருவர்' யார் என்று கேள்வி எழுந்தது.

"நான்தாங்க" என்றார் முட்டைக்காரர். வேலை போனால் போகட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் துணை இயக்குநரும் மற்ற அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் தலைமை வகித்தார். "இது நாட்டோட மானப் பிரச்சினை. குற்றம் நடந்திருக்கு என்பவர்கள் கையைத் தூக்கலாம்."

'இருப்பினும்' பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மறுபடியும் துணை இயக்குநரைப் பார்த்தார். ஒரு கையும் எழவில்லை.

"குற்றம் இல்லை என்பவர்கள்?"

அதற்கும் எழவில்லை.

"விலகி நிற்பவர்கள்?"

அத்தனை கையும் ஒரே நேரத்தில் விசுக்கென்று மேலே போயிற்று. இயக்குநரின் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. இத்தனை நாள் கழித்து அந்த முகங்களில் பழைய களை திரும்பியிருந்தது. மேசையின் கோடியில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை அப்போதுதான் முட்டைக்காரர் கவனித்தார். அதற்குரியவர் காபி குடிக்கப் போயிருந்தார்.

"முடிவை நீங்களே எழுதிடுங்க" என்றார் இயக்குநர். "உங்களுக்குத்தான் அனுபவம்."

முட்டைக்காரர் எழுதினார். எல்லாம் அவித்தது, ஒன்று மட்டும் கூமுட்டை. எழுதி முடிப்பதற்குள் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. வெளியே போய்ப் பேசத் தோன்றவில்லை, அங்கேயே காதில் வைத்தார். அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம், ஏதோ ஒரு சைக்கிள் மணி.

"மாமா, இறங்கிட்டோம்." மச்சினனின் குரல் இன்றைக்குத்தான் விளையாட்டில்லாமல் உடைந்திருந்தது. "காய்ச்சல்காரங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்களை ஒரு கடையில உட்கார வெச்சு என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. எத்தனை மாசமாச்சு மாமா, ரெண்டு முட்டை குடுங்கன்னேன்."

"அவிச்சதா?" என்றார் முட்டைக்காரர். கண் மறைத்துக்கொண்டு வந்தது.

"எப்படிக் குடுத்தாலும் சரின்னேன். சிரிக்கிறாங்க."

அக்காவிடமும் அம்மாவிடமும் உடனே பேசச் சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் இயக்குநர்.

"கரை இறங்கிட்டானாம் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மேசைமேல் குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"ரொம்ப சந்தோஷம். குறிப்புல சேர்த்துடாதீங்க."